வாரம் ஒரு சொல்: வகுப்பறைப் பேச்சிலிருந்தே சொல்வளம் சேர்ப்பது எப்படி?

பார், படி, கேள், கொடு, எழுது. ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் வாயிலிருந்து வரும் சொற்களை எண்ணினால் இவைதாம் முன்னால் நிற்கும். சொல்வளம் என்றதும் நாம் அகராதியைத் தேடிப் போகிறோம். அன்றாடம் மாணவர் காதில் விழும் இந்தச் சொற்களை விட்டுவிடுகிறோம். இவற்றிலிருந்தே தொடங்கும் ஒரு முறையை, தமிழ் கற்பிக்கப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு கரும்பலகையும் மாணவருக்கு ஒரு குறிப்பேடும் போதும்.

வெகுநாள் நான் பட்டியலாகத்தான் கொடுத்து வந்தேன்: சொல், கூறு, உரை, மொழி, இயம்பு, செப்பு, பகர், விளம்பு, நவில், புகல். மாணவர்கள் ஒரு சொல் தவறாமல் ஒப்பித்தார்கள். பிறகு ஒரு கட்டுரையில், "அம்மா என்னைச் சாப்பிட வரும்படி இயம்பினார்" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அவள்மேல் பிழையே இல்லை. பத்துச் சொல்லும் ஒன்றுதான் என்று கற்பித்தவன் நான். அன்றோடு பட்டியலை விட்டேன்.

முதல் படி: ஒரு வினைச்சொல்லை எடுங்கள்

வாரத்துக்கு ஒன்று போதும். பெயர்ச்சொல்லில் தொடங்க வேண்டாம். நாற்காலிக்கு இருக்கை, ஆசனம் என்று சொன்னதும் பாடம் முடிந்துவிடும். 'படி' என்ற சொல் ஒரு வாரம் தாங்கும்.

இரண்டாம் படி: மாணவர்களிடமிருந்து திரட்டுங்கள்

"படிக்கிறேன் என்பதை வேறு எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வாசிக்கிறேன், கற்கிறேன், பயில்கிறேன் என்று மெல்ல வரும். அவர்கள் ஓய்ந்த பிறகு நீங்கள் ஒன்றிரண்டு சேர்க்கலாம்: பழகு, ஓது.

வீட்டில் வழங்கும் சொல் எதுவானாலும் பலகையில் ஏறட்டும். பிறமொழிச் சொல் என்று எதையும் அழிக்க வேண்டாம். நாம் தமிழாகவே எண்ணிப் புழங்கும் மேசை, சாவி, ஜன்னல் மூன்றும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர் நாற்காலியைச் சொல்லும் 'கதிரை'யும் அப்படியே. பக்கத்தில் திறவுகோல், சாளரம் என்று எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லும் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். பலகையில் இப்படி எழுதுங்கள்:

தாத்தா செய்தித்தாள் ______.
அக்கா மருத்துவம் ______.
தம்பி நீச்சல் ______.
அவர் வீணை ______.

திரட்டிய ஒவ்வொரு சொல்லையும் நான்கு இடத்திலும் வைத்து, உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். செய்தித்தாளுக்குப் படிக்கிறார், வாசிக்கிறார் இரண்டும் இசையும். மருத்துவத்துக்குப் படிக்கிறாள், பயில்கிறாள் இசையும். வாசிக்கிறாள் இன்று இசையாது. (பழைய உரைநடையில் 'பி.ஏ. வாசித்தான்' என்று வரும். அப்படி யாராவது சுட்டிக்காட்டினால் பாராட்டுங்கள்.) நீச்சலைக் கற்கலாம், பழகலாம், பயிலலாம், படிக்க முடியாது. வீணையில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். "வீணை வாசிக்கிறார்" என்றால் அவருக்கு வாசிக்கத் தெரியும். "வீணை பயில்கிறார்" என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒரு சொல் மாறியதும் ஆளே மாறிவிட்டார்.

'ஓது' நான்கிலும் இடமின்றி நிற்கும். அதற்கு ஐந்தாவது வாக்கியம் ஒன்றை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். மறை ஓதுவது நினைவுக்கு வரும். காதில் ஓதுவதும் வரலாம்.

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். இது சரி, அது சரியில்லை என்று அவர்கள் வாதிடும்போதுதான் சொல்லின் எடை கைக்குத் தெரிகிறது.

நான்காம் படி: எதிர்ப்பக்கமிருந்தும் வாருங்கள்

தொல்காப்பியம் திரிசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: ஒரு பொருள் குறித்த பல சொல், பல பொருள் குறித்த ஒரு சொல். இரண்டாவது வகையை விளங்கவைக்க 'கேள்' ஒன்றே போதும். "பாடத்தைக் கேள்", "ஐயம் இருந்தால் கேள்", "வெளியே போவதற்கு முன் அனுமதி கேள்." மூன்றும் வகுப்பில் அன்றாடம் நாம் சொல்பவை. முதலாவதற்குச் செவிமடு, இரண்டாவதற்கு வினவு, மூன்றாவதற்குக் கோரு. ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பென்சில் கேட்பதை 'கோரினான்' என்று எழுதினால் பொருந்துமா? அதையும் மாணவரிடமே விட்டுவிடுங்கள்.

'கொடு', 'தா' என்ற இணையையும் பென்சிலை வைத்தே காட்டலாம். "எனக்குத் தா", "அவனுக்குக் கொடு" என்பதில் உள்ள இசைவு "அவனுக்குத் தா" என்பதில் இல்லை. தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது 'தா' என்பது தொல்காப்பியர் வகுத்த வழக்கு. இலக்கணம் என்று சொல்லாமலே இதைக் கற்பித்துவிடலாம்.

ஐந்தாம் படி: பெயர்ச்சொல்லைத் திறந்து பாருங்கள்

வினைகளில் கை பழகிய பிறகு பெயர்களுக்கு வாருங்கள். ஜன்னலுக்குப் பலகணி என்று ஒரு பெயர்: பல கண்கள் உடையது. காலதர் என்று இன்னொரு பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் "மான்கண் காலதர்" வருகிறது, மானின் கண்போன்ற ஜன்னல். இதைச் சொன்னதும் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மேசைமேல் கிடப்பவற்றையும் பாருங்கள். தாள் என்பது நெல்லுக்கும் புல்லுக்கும் உள்ள தண்டு. ஏடு பனையோலை, பூவிதழுக்கும் அந்தப் பெயர் உண்டு. இதழ் பூவினுடையது. மடல் வாழையிலும் தாழையிலும் இருப்பது. நாம் எழுதவும் படிக்கவும் எடுக்கும் நான்கும் செடிகொடியிலிருந்து வந்த பெயர்கள். நூல் மட்டும் தறியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

ஆறாம் படி: உங்கள் வாயில் வரட்டும்

அந்த வாரச் சொற்களை நீங்களே வகுப்பில் புழங்க வேண்டும். "அமைதியாக வாசியுங்கள்", "யாராவது வினவ விரும்புகிறீர்களா?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே சொற்களைத் தொடுங்கள்; ஒரு மாதம் கழித்து மறுபடியும். தேர்வு வைத்தால் "மூன்று ஒத்த சொற்களை எழுதுக" என்று கேட்காதீர்கள். ஒரு வாக்கியம் கொடுத்து, எந்தச் சொல் பொருந்தும், ஏன் என்று கேளுங்கள்.

முதல் வாரத்துக்கு 'பார்' எளிது. நோக்கு, கவனி, உற்றுப் பார், எட்டிப் பார், முறைத்துப் பார் என்று ஐந்து துண்டுத் தாள்களில் எழுதி மடித்து வையுங்கள். ஒரு மாணவர் ஒன்றை எடுத்து, பேசாமல் கண்ணாலேயே நடித்துக் காட்டட்டும். எந்தச் சொல் என்று மற்றவர்கள் சொல்லட்டும். நோக்குவதற்கும் கவனிப்பதற்கும் இடையில் கட்டாயம் ஒரு சண்டை வரும். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.