முதல் முறை வீட்டில் பீர் செய்கிறீர்களா? ஐந்து லிட்டரில் தொடங்குங்கள்

பீர் செய்யப் பழக வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஐந்து லிட்டருக்கு மேல் போகாதீர்கள். கையில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் 19, 20 லிட்டருக்கு எழுதியவை. அவ்வளவு கொதிநீரைத் தூக்குவது ஆபத்து, ஆறவைப்பது அதைவிடப் பாடு. ஐந்து லிட்டர் என்றால் சமையலறை அடுப்பும் ஒரு பெரிய பாத்திரமும் போதும். கெட்டுப்போனாலும் மனம் விட்டுப்போகாது, மறுவாரமே திரும்பச் செய்யலாம்.

அதற்கும் முன்னால், உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் செய்ய உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் கூட்டரசு அளவில் இதற்கு அனுமதி வந்தது 1978இல்தான். இன்றும் சில இடங்களில் உரிமமில்லாமல் ஒரு பாட்டில் செய்தாலும் குற்றம். அனுமதி இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். அப்போதும் இது சொந்த உபயோகத்துக்கு, வயது வந்தவர்களுக்கு மட்டும்.

“விஷமாகிவிடாதா?” என்ற பயம் பலருக்கு உண்டு. நியாயமான பயம்தான். கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமான மெத்தனால் பெரும்பாலும் தொழிற்சாலை ஆல்கஹாலைக் கலப்பதால் வருவது. பீரில் அப்படி எதையும் கலப்பதில்லை, காய்ச்சி வடிப்பதும் இல்லை. மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது மெத்தனால் பொருட்படுத்தும் அளவில் உண்டாவதில்லை. இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்துகள் இரண்டு: கொதிநீர்ச் சூடு, வெடிக்கும் பாட்டில். இரண்டையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

பீருக்கு நான்கே பொருள்: மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். ஹாப்ஸ் என்பது கசப்பும் வாசமும் தரும் ஒரு கொடியின் பூ. பார்லியை முளைக்கவைத்து உலர்த்தினால் மால்ட். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைப் பிரித்தெடுப்பது ஒரு தனிக் கலை. முதல் முறை அது வேண்டாம். அந்த வேலையை முடித்துத் தூளாகவே விற்கிறார்கள், உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று. அதில் செய்தால் தரம் குறைந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். புதிய தூளாக இருந்தால் அருமையான பீர் வரும்.

ஐந்து லிட்டருக்கு அளவு:

- வெளிர் நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 600 கிராம்
- காஸ்கேட் ஹாப்ஸ் வில்லைகள் 18 கிராம்
- ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) வகை உலர் ஈஸ்ட், 11 கிராம் பாக்கெட்டில் பாதி
- தண்ணீர் 6.5 லிட்டர்
- பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கச் சர்க்கரை சுமார் 27 கிராம்

காஸ்கேட் 1972இல் வெளியான அமெரிக்க ரகம். எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் போன்ற வாசம், மிதமான கசப்பு. தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஹாப்ஸ் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கருவிகளில் பத்து லிட்டர் எஃகுப் பாத்திரம், உணவுத்தரப் பிளாஸ்டிக்கில் எட்டு லிட்டர் நொதிகலன், அதன் மூடிக்கு ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் சிறு கருவி), வெப்பமானி, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை), ஒரு கிராம் வரை காட்டும் தராசு, திரவத்தை மேலிருந்து கீழே இறக்க ஒரு மீட்டர் சைஃபன் குழாய். கூடவே பாட்டில்கள், மூடிகள், மூடி அழுத்தும் கருவி. ஹைட்ரோமீட்டர் இல்லாமல் சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பாட்டில் வெடிக்காமல் காப்பது அதுதான்.

படி 1: சுத்தம்

அழுக்குப் போகக் கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் வாசமில்லாத சோப்பால் கழுவி அலசுங்கள். பிறகு, அலசத் தேவையில்லாத வகைக் கிருமிநீக்கியைப் புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கரையுங்கள். பீர் கொதித்து ஆறிய பிறகு அதைத் தொடப்போகும் எல்லாவற்றையும் அதில் நனையுங்கள்: நொதிகலன், மூடி, ஏர்லாக், குழாய், கரண்டி, கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் வெளிப்புறம். பாக்கெட்டை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் கலனை உரசித் தேய்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் பாக்டீரியா குடியேறிவிட்டால் எந்த மருந்தும் அங்கே எட்டாது.

கொதிக்கும் பாத்திரத்துக்கு இந்த வேலை தேவையில்லை. கொதியே கிருமியைக் கொன்றுவிடும்.

படி 2: கொதி

குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி அடித்தால் அதைத் தவிர்த்து, குடிக்க வாங்கும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குளோரின் தங்கிய பீரில் மருந்துப் பிளாஸ்திரி வாசம் வரும். பிறகு அதை நீக்க வழியில்லை.

6.5 லிட்டர் தண்ணீரைச் சூடாக்குங்கள். ஆவி பறக்க ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மால்ட் தூளைக் கொட்டிக் கிளறுங்கள். அணைக்காமல் கொட்டினால் தூள் அடியில் போய்ப் பிடித்துக் கருகிவிடும். ஆவியில் தூள் கட்டிபட்டு மிதக்கும், கவலை வேண்டாம், ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். பிறகு அடுப்பைத் திரும்ப ஏற்றுங்கள்.

இனி அடுப்பை விட்டு நகராதீர்கள். கொதி வருமுன் மேலே வெண்ணிற நுரை படரும். முதலில் ஓரத்தில் மெல்லிய வளையமாகத் தெரியும். அது நடுவில் கூடிய சில நொடிகளில் மொத்தமாக எழும்பி விளிம்பைத் தாண்டப் பார்க்கும். தீயைக் குறைத்து, ஒரு கரண்டி குளிர்ந்த நீரை மேலே தெளியுங்கள், அடங்கிவிடும். இரண்டு மூன்று முறை எழும்பிய பிறகு நுரை உடைந்து கொதி சமனாகும். அதுவரை மூடி போடவே கூடாது.

சமனான கொதி வந்ததும் 8 கிராம் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அத்தனை நேரம் எதற்கு? ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் அப்படியே நீரில் சரியாகக் கரையாது. நீண்ட கொதியில் வடிவம் மாறித்தான் கரைந்து கசப்பைத் தரும். வாசத்துக்குக் காரணமான எண்ணெயோ அதே கொதியில் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் ஹாப்ஸைப் பிரித்துப் போடுகிறோம்: தொடக்கத்தில் போடுவது கசப்புக்கு, கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது போடும் 5 கிராம் சுவைக்கு, அடுப்பை அணைத்த கையோடு போடும் மீதி 5 கிராம் வாசத்துக்கு. கசப்பு வெறும் ருசிக்காக மட்டும் இல்லை, பீரைப் புளிக்கவைக்கும் சில பாக்டீரியாக்களை அது அண்டவிடாது.

இப்போது பாத்திரத்தில் இருப்பதற்குப் பெயர் வொர்ட். இன்னும் பீர் இல்லை, இனிப்பும் கசப்புமான ஒரு கஷாயம்.

படி 3: ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பது

தொட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பிப் பாத்திரத்தை மூடி போட்டு இறக்குங்கள். சுற்றியுள்ள நீர் சூடானதும் மாற்றுங்கள். 20 டிகிரி செல்சியஸுக்கு வரும்வரை பொறுங்கள். இந்தக் கட்டத்திலிருந்து வொர்ட்டில் விழும் ஒவ்வொரு தூசும் விருந்தாளிதான். விரலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, கிருமி நீக்கிய வெப்பமானியை விடுங்கள்.

ஆறியதும் உயரத்திலிருந்து நொதிகலனில் ஊற்றுங்கள், சலசலவென்று நுரைக்கட்டும். ஈஸ்ட் பெருகத் தொடங்கும்போது அதற்கு ஆக்சிஜன் வேண்டும், கொதியில் அது வெளியேறிவிட்டது. பீர் தயாரிப்பில் காற்றை நாம் விரும்பி உள்ளே விடும் ஒரே தருணம் இது. ஐந்து லிட்டர் வரவில்லை என்றால் கொதித்து ஆறிய தண்ணீரால் ஈடுகட்டுங்கள்.

கொஞ்சம் எடுத்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். தண்ணீர் 1.000 காட்டும், இந்த வொர்ட் 1.044க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எண்ணைக் குறித்துவையுங்கள். பார்த்த நீரைக் கலனில் திரும்ப ஊற்றாமல் ருசி பாருங்கள். இரண்டு வாரம் கழித்து இதே நீர் எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிட அந்த ருசி நினைவில் இருக்கட்டும்.

பிறகு ஈஸ்ட்டை மேலே பரவலாகத் தூவி மூடி, ஏர்லாக்கில் தண்ணீர் ஊற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

படி 4: விட்டுவைப்பது

இங்கேதான் பீர் உருவாகிறது, நீங்கள் செய்ய வேண்டியது வெப்பத்தைக் காப்பது மட்டும். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி சுகமானது. அதற்கு மேல் போகப்போக ஈஸ்ட் அவசரப்பட்டு, நெடி தரும் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். நொதித்தலே சூட்டைக் கிளப்பும் என்பதால் கலனுக்குள் அறையைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும். கலனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உறைந்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப்போட்டால் சமாளிக்கலாம். அறை எப்போதுமே 30 டிகிரியில் இருந்தால் சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், க்வைக் என்ற நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட்டை வாங்குங்கள். 35 டிகிரியிலும் அது சுத்தமாக வேலை செய்யும்.

முதல் நாளுக்குள் ஏர்லாக் குமிழிடும். மேலே பழுப்பு கலந்த நுரைத் தொப்பி கட்டும், உள்ளே ஏதோ அழுகுவது போலவும் தோன்றும். அது ஆரோக்கியமான அறிகுறி. சில நாளில் நுரை விழுந்து அடியில் மண்டி படியும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இரண்டு வாரம்.

குமிழ் நின்றுவிட்டால் முடிந்தது என்று அர்த்தமில்லை. நான் இரண்டாவது முறை செய்தபோது அப்படி நினைத்துத்தான் ஆறாம் நாளே பாட்டிலில் அடைத்தேன். பத்து நாள் கழித்து நள்ளிரவில் அலமாரிக்குள் டமார் என்று ஒரு சத்தம். விடிந்து திறந்தால் மரப்பலகையில் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. அந்த நேரம் யாராவது அலமாரி முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. மீதிப் பாட்டில்களைக் கனமான துணி சுற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன்.

ஆகவே இரண்டு வாரம் கழித்து ஹைட்ரோமீட்டர் போடுங்கள். மூன்று நாள் விட்டு மறுபடியும் போடுங்கள். இரண்டும் ஒரே எண், அதுவும் 1.010 முதல் 1.012க்குள் இருந்தால் அடைக்கலாம். இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு வரும். 1.044இல் தொடங்கி 1.011இல் நின்றால் சுமார் 4.3.

படி 5: பாட்டிலில் அடைப்பது

இப்போதுள்ள பீரில் வாயு போதாது. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தால் மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று, அடைத்த பாட்டிலுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். கண்ணளவில் போடாதீர்கள், தராசில் நிறுங்கள். மண்டி போக நாலரை லிட்டர் தேறினால் 27 கிராம். அதைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமி நீக்கிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரை சைஃபன் குழாயால் இறக்குங்கள். குழாய் நுனி திரவத்துக்குள்ளேயே இருக்கட்டும், சத்தமே வரக் கூடாது. இப்போது காற்றுப் பட்டால் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். குழாயில் வாய் வைத்து உறிஞ்சாமல், கிருமிநீக்கிய நீரை நிரப்பி ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

வாயு அழுத்தம் தாங்கும் பழுப்புப் பாட்டில்தான் வேண்டும். மெல்லிய அலங்காரப் பாட்டில் உதவாது. பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் ஒளி புகுந்து ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். புதியவர்களுக்கு என் விருப்பம், ஒன்றிரண்டு பிளாஸ்டிக் சோடா பாட்டில்களையும் சேர்த்து நிரப்புவது. அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறுவது கைக்குத் தெரியும்.

மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு மூடி அழுத்துங்கள். மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, 20 டிகிரிக்குக் குறையாத இருட்டு இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள். பிறகு இரண்டு நாள் குளிர்பெட்டியில், நிமிர்த்தி. குளிர்ந்தால் வாயு நன்றாகக் கரையும், மண்டியும் இறுகும்.

ஊற்றும்போது

கோப்பையைச் சாய்த்து ஒரே வீச்சில் ஊற்றி, அடிமண்டி நகரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மண்டி தவறி விழுந்தாலும் கெடுதல் இல்லை, பீர் கலங்கும், ஈஸ்ட் ருசி ஏறும், அவ்வளவுதான். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் பீர் இன்னும் இளசு, மீதியை இரண்டு வாரம் விடுங்கள். வெண்ணெய் வாசம் பெரும்பாலும் கலனிலிருந்து சீக்கிரம் எடுத்ததன் அடையாளம். நீங்கள் கேட்காத புளிப்பு வந்தால் படி 1க்குத் திரும்புங்கள், குறிப்பாகக் குழாயையும் கலனின் திருகு வாயையும் பாருங்கள்.

ஒரு பாட்டிலில் மட்டும் தேதி ஒட்டி இரண்டு மாதம் தொடாமல் வையுங்கள். அடுத்த ஐந்து லிட்டர் தயாரானதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.