கலிஃபோர்னியாவில் உங்கள் மனையை இரண்டாகப் பிரிக்க முடியுமா? ஆர்க்கிடெக்டைக் கூப்பிடும் முன் பாருங்கள்

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் வீடு வாங்கியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும்: பின்னாடி இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, இன்னொரு வீடு கட்ட முடியாதா, இல்லை பிரித்து விற்கத்தான் முடியாதா என்று. முடியும். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் எஸ்பி 9 என்ற மாநிலச் சட்டம், மனைக்கு ஒரே வீடு என்று இருந்த பகுதிகளில் இரண்டு வீடு கட்ட வழிவிட்டது. மனையைப் பிரித்தால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வரை போகலாம். ஆனால் சட்டம் ஒத்துக்கொண்டால் போதாது, மனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். படம் வரையக் காசு கொடுத்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது கொடுமை. அதனால் செலவில்லாத சோதனைகளை முதலில் வைத்திருக்கிறேன்.

படி 1: பிரிக்கத்தான் வேண்டுமா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்க வேண்டும், மற்ற நாளில் வாடகைக்கு விட வேண்டும், அவ்வளவுதான் என்றால் பின்கட்டில் ஒரு ஏடியூ (அதே மனையில் கட்டும் சின்னத் துணை வீடு) போதும். தனிப் பத்திரம், தனி விற்பனை, பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பங்கு என்று யோசிப்பவர்களுக்குத்தான் பிரிப்பு. என்னைக் கேட்டால் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: மனை எந்த சோனில் இருக்கிறது?

நகராட்சி இணையதளத்தில் சோனிங் வரைபடம், அதாவது எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று காட்டும் படம், இருக்கும். முகவரியைப் போட்டால் ஆர்-1 (மனைக்கு ஒரே வீடு என்ற பகுதி) என்று தொடங்கும் குறியீடு வந்தால் சரி. வரலாற்றுச் சின்னமாக அறிவித்த வீடு, ஈரநிலம், பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் வாழிடம் போன்றவற்றில் இந்தச் சட்டம் செல்லாது. 2022இல் வுட்சைட் என்ற பணக்கார ஊர், எங்கள் ஊர் முழுக்க மலைச் சிங்கங்களின் வாழிடம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தது. மாநில அட்டர்னி ஜெனரல் ராப் பான்டா கடிதம் அனுப்பியதும் பின்வாங்கிவிட்டது!

படி 3: டேப்பை எடுங்கள்

பிரித்த பின் சின்னத் துண்டு, மொத்த மனையில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 1,200 சதுர அடிக்கும் குறையக் கூடாது. 6,000 சதுர அடி மனை என்றால் 2,400, 3,600 என்று பிரிக்கலாம், ஒன்றும் சிக்கல் இல்லை. பரப்பில் தேறிவிட்டோம் என்று குதிக்காதீர்கள், அகலத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

50 அடி அகலம், 120 அடி நீளம் உள்ள மனையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் வெட்டினால் ஆளுக்கு 25 அடி அகலம். நகராட்சி பக்கத்துக்கு 4 அடி வரை செட்பேக் (எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம்) கேட்கலாம், இரண்டு பக்கமும் போனால் 17 அடி அகல வீடு, அதுவும் நடுவில் நிற்கும் பழைய வீட்டை இடித்தால்தான். குறுக்கே வெட்டினால் பழைய வீடு பிழைத்துவிடும், ஆனால் பின் மனைக்குத் தெருவிலிருந்து வழி வேண்டுமே. முன் மனையின் ஓரமாக 12 அடிப் பாதை விட்டால், 60 அடி நீளத்துக்கு 720 சதுர அடி அதிலேயே போய்விடும். உங்கள் வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே இப்போதே 5 அடிதான் என்றால் அந்தப் பாதையை எங்கே போடுவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: காகிதங்களைத் தோண்டுங்கள்

கடந்த மூன்று வருடத்தில் வீட்டில் வாடகைக்காரர் இருந்திருந்தால், பிரிப்பதற்காக அந்த வீட்டை இடிக்கவோ மாற்றவோ கூடாது. எச்ஓஏ (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அதன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். அதில் பிரிக்கக் கூடாது என்று இருந்தால் எஸ்பி 9 அதை ரத்து செய்யாது. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறதா? மொத்த மனையும் வங்கிக்கு அடமானம், அதில் ஒரு துண்டைத் தனியே விற்க வங்கி விடுவித்துக் கொடுக்க வேண்டும், ஆகவே முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம் முக்கியமானது: பிரிக்க விண்ணப்பிப்பவர், ஒப்புதல் வந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று வருடம் இவற்றில் ஒரு வீட்டில் குடியிருக்கப் போவதாகக் கையெழுத்துப் போட்டு உறுதி தர வேண்டும். பிரித்து இரண்டையும் விற்றுவிட்டுக் கிளம்பும் கணக்கு இங்கே செல்லாது. வாடகைக்கு விட்டாலும் 30 நாளுக்கு மேல்தான், ஏர்பிஎன்பி நினைப்பை விட்டுவிடுங்கள்.

படி 5: இப்போது காசு செலவழிக்கலாம்

முதலில் உரிமம் உள்ள சர்வேயர், அதன் பிறகே ஆர்க்கிடெக்ட். பொது விசாரணை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்த முடியாது; எழுதிவைத்த விதிக்குப் பொருந்தினால் அதிகாரி ஒப்புதல் தந்தாக வேண்டும். தலா 800 சதுர அடியில் இரண்டு வீடு கட்டவே முடியாதபடி உயரம், செட்பேக் விதிகளைப் போட்டு மடக்கவும் நகராட்சிக்கு அனுமதி இல்லை. கார் நிறுத்த வீட்டுக்கு ஓர் இடம்தான் அதிகபட்சம் கேட்கலாம், பெரிய ரயில், பேருந்து நிறுத்தம் அரை மைலுக்குள் இருந்தால் அதுவும் கேட்கக் கூடாது.

2025 தொடக்கத்திலிருந்து எஸ்பி 450 என்ற திருத்தமும் சேர்ந்திருக்கிறது: 60 நாளுக்குள் ஆம், இல்லை என்று நகராட்சி பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் ஆனதாகவே கணக்கு. ஆனால் முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் அந்த 60 நாள் ஓடத் தொடங்கும். ஒரு தாள் குறைந்தாலும் ஓடாது, ஆகவே கொடுக்கும் முன் நகராட்சியின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.