நிறை நிறமாலையில் நீர்க்கொத்துகளைப் படிக்கும்போது

நீராவியை ஆர்கானுடன் கலந்து நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் பாய்ச்சினால், வாயு சட்டென்று குளிர்ந்து மூலக்கூறுகள் கொத்துகளாகச் சேர்கின்றன. சேரும்போது வெளிப்படும் வெப்பத்தை ஆர்கான் அணுக்கள் வாங்கிச் செல்வதால்தான் அவை பிரியாமல் நிற்கின்றன. சிறிய கொத்துகள் வேண்டுமென்றால் முதலில் நுண்துளைக்கு முன்னால் உள்ள வாயுவின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

நிறை நிறமாலையிலிருந்து (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) கொத்தின் அளவைக் கணிக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. அயனியாக்குவதற்காக எலக்ட்ரான் தாக்கியதும் கொத்து பெரும்பாலும் ஒரு ஹைட்ராக்சிலை (OH) உதறிவிடும்; எஞ்சுவது ஒரு நீர் மூலக்கூறு குறைந்து, ஒரு புரோட்டான் கூடிய அயனி. ஆகவே நிறை 37இல் தெரியும் முகட்டை இரட்டை மூலக்கூறு என்று எழுதிவிடாதீர்கள். அது குறைந்தது மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட கொத்திலிருந்து வந்தது. பெரிய கொத்துகள் சில நீர் மூலக்கூறுகளையும் சேர்த்தே இழக்கும். 379இல் ஓங்கி நிற்கும் புகழ்பெற்ற முகடும் (21 நீர், ஒரு புரோட்டான்) அந்த அயனியின் உறுதியைத்தான் காட்டுகிறது. பாய்ந்து வரும் வாயுத் தாரையில் 21 மூலக்கூறுக் கொத்துகள் மிகுதி என்பதற்கு அது சான்று ஆகாது.