வாலைக்குச் செப்புச் சுருள் குளிர்விப்பான் செய்யும் முறை

காய்ச்சி வடிக்கும் கலத்தைத் தமிழ் மருத்துவ வழக்கில் வாலை என்பார்கள். வாலையின் மூடியிலிருந்து புறப்படும் ஆவியை மறுபடியும் நீராக்கித் தருவதே குளிர்விப்பானின் வேலை. செம்பு அந்த வேலைக்கென்றே பிறந்த உலோகம். துருப்பிடிக்காத எஃகைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் வீட்டில் செய்யும் சுருள்கள் குளிர்ச்சி போதாமல் தோற்பது குறைவு. குழாயின் துளை குறுகலாக இருப்பதாலோ, வளைவில் எங்கேனும் தொய்வு விழுந்து அங்கே நீர் தேங்கி நிற்பதாலோதான் அவை பெரும்பாலும் தோற்கின்றன. ஆவி தடையின்றி உள்ளே வர வேண்டும், நீர் தடையின்றி இறங்கிப் போக வேண்டும் என்ற இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் கைக்குள் அடங்கிவிடும்.

இங்கே நான் சொல்லும் அளவுகள் பூ, இலை, வேர் ஆகியவற்றிலிருந்து வாசனை எண்ணெயும் வாசனை நீரும் வடிப்பதற்கானவை. மது வடிப்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டும், சில இடங்களில் அது முற்றாகவே தடைசெய்யப்பட்டுள்ளது; அந்த ஆவி தீப்பற்றும் என்பதால் அதற்கான முன்னெச்சரிக்கைகளும் வேறு. மின்கலத்துக்கு ஊற்றும் நீரையும் இந்தச் சுருளில் வடிக்க வேண்டாம். வடிநீரில் மிக நுண்ணிய அளவில் கலந்துவிடும் செம்பு, ஈய அமில மின்கலத்தின் மின்னேற்றத்தைத் தானாகவே வடியச் செய்யும்.

முதலில் அடுப்பை அளக்க வேண்டும். எவ்வளவு ஆவி வரும் என்று தெரியாமல் குழாயின் நீளத்தை முடிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு துணி வெட்டுவது போன்றது. பாத்திரத்தில் நீர் ஊற்றி, நன்றாகக் கொதிக்கத் தொடங்கியதும் எடை பார்த்து, மூடாமல் ஒரு மணி நேரம் அதே தீயில் கொதிக்கவிட்டு மறுபடியும் எடை பாருங்கள். 100 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீர் முழுவதும் ஆவியாக 2257 கிலோஜூல் வெப்பம் செலவாகும். ஆகவே ஒரு மணி நேரத்தில் 1.6 கிலோ குறைந்திருந்தால், அடுப்பிலிருந்து நீருக்குள் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ ஒரு கிலோவாட். எரிவாயு அடுப்பின் மீது எழுதியிருக்கும் எண்ணை இதற்கு நம்பக் கூடாது, ஏனெனில் சுடரின் வெப்பத்தில் கணிசமான பங்கு பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு காற்றோடு போய்விடுகிறது.

அடுத்தது துளை. ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்காகப் பெருகும். ஒரு கிலோவாட்டில் வினாடிக்கு முக்கால் லிட்டர் அளவு ஆவி எழுகிறது. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நுழையும், இது தாங்கக்கூடியது. கால் அங்குலக் குழாய் வளைக்க எளிது, விலையும் குறைவு என்று பலர் அதை எடுக்கிறார்கள். அதன் உள்விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் அதே ஆவி வினாடிக்கு 40 மீட்டருக்கு மேல் பாய வேண்டியிருக்கும். அப்போது உள்ளே அழுத்தம் ஏறும், மூடி விளிம்பில் ஆவி சீறும், வெளிவாயில் நீரும் ஆவியும் மாறி மாறித் துப்பும். எனவே ஒரு கிலோவாட்டுக்கு 10 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயையும், இரண்டு கிலோவாட்டுக்கு அரை அங்குலக் குழாயையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு கிலோவாட் ஆவியை நீராக்க 10 மில்லிமீட்டர் குழாயில் ஒன்றரை மீட்டர் கணக்குக்குப் போதும். உருவான வெந்நீரும் ஆறி வெளியே வர வேண்டும், குளிர்நீர் எப்போதும் நாம் நினைத்த குளிர்ச்சியில் இருக்காது என்பதால் அதை இரட்டித்து மூன்று மீட்டர் வைப்பேன். இரண்டு கிலோவாட்டுக்கு அரை அங்குலக் குழாய் ஐந்து மீட்டர். இதற்கு மேல் நீட்டுவதால் செம்பும் எடையும் கூடுமே தவிர வேறு பயன் இல்லை.

குழாய் வாங்கும்போது குளிர்சாதனப் பெட்டி வேலைக்காகச் சுருட்டி விற்கப்படும் மென்மையான செப்புக் குழாயைக் கேளுங்கள்; நேர்க்கம்பியாக விற்கப்படும் கெட்டிக் குழாய் வளைத்தால் மடிந்துவிடும். மேல் முனைக்கு 40 சென்டிமீட்டரும் கீழ் முனைக்கு 25 சென்டிமீட்டரும் நேராக விட வேண்டும். ஆகவே மூன்று மீட்டர் சுருளுக்கு 3.7 மீட்டர் குழாய் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பின் உட்புறத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் நீக்கிவிட வேண்டும்.

வளைப்பதுதான் இந்த வேலையின் இதயம். வெறும் குழாயை உருளையில் சுற்றினால் அது முட்டை வடிவமாகி, பிறகு ஓரிடத்தில் பட்டென்று நசுங்கும்; நசுங்கிய இடத்தை நிமிர்த்த வழியே இல்லை. அதைத் தடுக்கக் குழாய்க்குள் பொடி உப்பை நிரப்ப வேண்டும். மணலும் உதவும், ஆனால் வேலை முடிந்தபின் உப்பு வெந்நீரில் கரைந்து போய்விடும், மணலோ ஏதாவது ஒரு வளைவில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் வந்துகொண்டிருக்கும். உப்பை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, முற்றிலும் ஆறியபின், குழாயின் ஒரு முனையை அடைத்து நிமிர்த்திப் பிடித்து, புனல் வழியே சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே மரக்கட்டையால் குழாயைத் தட்டிக்கொண்டிருங்கள். தட்டத் தட்ட உப்பு இறங்கும். இனி இறங்காது என்ற நிலை வரும்வரை நிரப்பி மறுமுனையையும் இறுக அடையுங்கள். பொறுமை இழந்து பாதியில் நிறுத்தினால் எங்கே வெற்றிடம் இருக்கிறதோ சரியாக அங்கேதான் குழாய் நசுங்கும். என் முதல் சுருள் நான்காம் சுற்றில் போனது அப்படித்தான்.

சுருளின் நடுவிட்டம் 15 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 47 சென்டிமீட்டர் குழாய் பிடிக்கும். ஆறரைச் சுற்றில் மூன்று மீட்டர் முடிந்துவிடும். கையை எடுத்ததும் செம்பு கொஞ்சம் விரிந்துகொள்ளும் என்பதால், சுற்றுவதற்கு 13 முதல் 14 சென்டிமீட்டர் வெளிவிட்டமுள்ள தடித்த குழாய்த் துண்டையோ மர உருளையையோ பயன்படுத்துங்கள். குழாயை இழுத்துச் சுற்றாமல், உருளையின் மேல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, ஒரு சமயத்தில் சில சென்டிமீட்டர் மட்டும் வளைத்து முன்னேற வேண்டும். செம்பு வளைய வளைய இறுகும். ஒருமுறை வளைத்த இடத்தைத் திருத்துகிறேன் என்று மறுபடி மறுபடி நிமிர்த்தினால் அது விறைத்துப் பிளக்கும். குழாய் ஆரம்பத்திலேயே விறைப்பாக இருந்தால், உப்பு நிரப்புவதற்கு முன்பாக, இரு முனைகளும் திறந்திருக்க, மங்கிய சிவப்பு நிறம் தெரியும்வரை தீச்சுடரால் காய்ச்சி ஆறவிடுங்கள். எஃகைப் போலன்றிச் செம்பு நீரில் முக்கிக் குளிர்வித்தாலும் இளகியே இருக்கும். முனைகளை அடைத்து நிரப்பிய குழாயை ஒருபோதும் தீயில் காட்டக் கூடாது. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகிக் குழாயை வெடிக்கச் செய்துவிடும்.

சுற்றி முடித்த சுருளை உருளையிலிருந்து உருவி, ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றம் வருமாறு சீராக விரித்துக்கொள்ளுங்கள். குழாயின் தடிமன் போக நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும், அதன் வழியே குளிர்நீர் தாராளமாக ஓடும். இந்த இடைவெளி தானாக நிலைக்காது. மூன்று செப்புப் பட்டைகளை நெட்டாக நிறுத்தி, ஒவ்வொரு சுற்றையும் மெல்லிய செப்புக் கம்பியால் அவற்றோடு கட்டிவிட்டால் சுருள் ஒரு கூண்டு போல உறுதியாக நிற்கும். உப்பை வெந்நீர் விட்டுக் கரைத்து, நீரில் உவர்ப்பு அறவே இல்லாமல் போகும்வரை அலசுங்கள்.

இப்போது தொய்வுச் சோதனை. சுருளை அது நிற்க வேண்டிய நிலையிலேயே நிறுத்தி, 200 மில்லிலிட்டர் நீரை அளந்து மேல் முனையில் ஊற்றிக் கீழே பிடித்து அளந்து பாருங்கள். குழாயின் சுவரை நனைத்த சில மில்லிலிட்டர் குறையலாம்; அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஒரு சுற்று பின்னோக்கித் தாழ்ந்திருக்கிறது. சுருளை மெல்ல ஒரு பக்கம் சாய்க்கும்போது நீர் திடீரென்று கொட்டினால் தொய்வு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். அடுத்து ஒரு முனையை விரலால் அடைத்து, சுருளை நீரில் முக்கி, மறுமுனையில் ஊதிப் பாருங்கள். குமிழி வரக் கூடாது.

தொட்டிக்கு இருபது லிட்டர் கொள்ளும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் ஏற்றது. தடித்த நெகிழி வாளியும் போதும், ஆனால் மேல்மட்டத்து நீர் நன்றாகச் சூடாகும்போது மட்டமான நெகிழி இளகிக் கோணிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய வாளியும் அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். நீருக்குள் செம்போடு சேர்ந்திருந்தால் அவை அரித்துப்போகும். அடிப்பகுதியின் பக்கச் சுவரில் துளையிட்டு, பித்தளை நட்டும் வளையமும் கொண்ட இறுக்கு இணைப்பு ஒன்றைப் பொருத்தி, சுருளின் கீழ் முனையை அதன் வழியே சரிவாக வெளியே கொண்டுவாருங்கள். வாளியில் துளையிட மனமில்லாமல் கீழ் முனையைச் சுருளின் நடுவே மேலே ஏற்றி விளிம்பு வழியாக வெளியே விடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சுருளின் அடியில் எப்போதும் நீர் நிறைந்து நிற்கும், ஆவி அதைத் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். இவ்வளவு நேரம் சரிவுக்காகப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வளைவில் வீணாகிவிடும்.

மேல் முனையை வாலையின் ஆவிக்குழாயோடு இணைக்க அதே வகை இறுக்கு இணைப்பையே பரிந்துரைப்பேன், கழற்றிக் கழுவ முடியும் என்பதற்காக. பற்றவைப்பதானால் ஈயம் கலவாத வெள்ளீயப் பற்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் ஈயப்பற்று என்ற சொல்லே பழகிவிட்டதால் கடையில் எடுத்துத் தருவதும் ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். உடலில் படும் எண்ணெய்க்கும் நீருக்கும் அது ஆகாது. ஆவி படும் இடத்தில் ரப்பர் வளையமும் சாதாரண நெகிழிக் குழாயும் கூடாது. டெஃப்லான் நாடா தாங்கும்.

குளிர்நீர் தொட்டியின் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும், ஆவி மேலே நுழைந்து கீழே இறங்க வேண்டும். இப்படி எதிரெதிராக ஓடும்போது, வெளியேறப் போகும் வடிநீர் மிகக் குளிர்ந்த நீரைத் தொட்டுவிட்டு வெளியே வருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலாக நீர் ஓடினால், அது 30 டிகிரி அளவுக்குச் சூடேறி வெளியே வரும். ஓடும் நீர் இல்லாதவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும்: ஒரு லிட்டர் வடிக்கும்போது இருபது லிட்டர் தொட்டி நீர் ஏறத்தாழ 30 டிகிரி சூடேறும். அதன்பின் மேல்மட்டத்து வெந்நீரை எடுத்துவிட்டு அடியில் குளிர்நீர் சேர்க்க வேண்டும்.

முதல்முறை பூவும் இலையும் போட வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்துச் சுருளுக்குள் நிரப்பிக் கால் மணி நேரம் வைத்திருந்து அலசுங்கள். பிறகு வெறும் நீரை மட்டும் காய்ச்சி ஒரு லிட்டர் வடித்து அதைக் கொட்டிவிடுங்கள். வடிநீரில் நீலமோ பச்சையோ தெரிந்தால் அது செப்புக் களிம்பு. அது நஞ்சு, மறுபடியும் அலச வேண்டும் என்று பொருள். புளிப்பான எதையும், குறிப்பாக வினிகரை, இந்தச் சுருளில் வடிக்கவே கூடாது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது வெளிவாய். வடிநீர் மெல்லிய தாரையாகவோ ஒழுங்கான சொட்டாகவோ வந்துகொண்டிருக்க வேண்டும். ஆவி தெரிந்தால் தீயைக் குறையுங்கள். சொட்டுவது நின்று, பாத்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள், ஏனெனில் சுருளில் அடைப்பு விழுந்திருக்கக்கூடும். கற்பூரம் நிறைந்த இலைகளை வடிக்கும்போது இது நடக்கும். கற்பூரம் குளிர்ந்த குழாயில் திடமாகப் படியும். ரோஜா எண்ணெயின் மெழுகுப் பகுதியும் 20 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும். இவற்றுக்குத் தொட்டி நீரை வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். வாலையின் மூடியைக் கம்பி போட்டு இறுக்காமல், அழுத்தம் கூடினால் தானே தூக்கிக்கொள்ளும்படி விட்டுவையுங்கள். வெளிவாய் ஏந்தும் பாத்திரத்து நீருக்குள் மூழ்கியிருக்கவும் கூடாது. அடுப்பை அணைத்ததும் உள்ளே மிஞ்சிய ஆவி சுருங்கி வெற்றிடமாகி, வடித்ததையெல்லாம் வாலைக்கே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் சுருளை வெந்நீரால் அலசி, ஊதி நீரை வெளியேற்றி, நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் களிம்பு ஏறும். பூச்சி புகாமலிருக்க இரு வாய்களிலும் துணி செருகி வைக்கலாம். அடுத்தமுறை அதை எடுக்க மறந்து அடுப்பைப் பற்றவைத்துவிடாதபடி, துணியின் ஒரு முனை ஒரு சாண் நீளம் வெளியே தொங்கட்டும்.