பிள்ளையோடு அமர்ந்து ஒரு வேற்றுமொழிப் படம்

வேற்றுமொழிப் படம் ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று நினைத்தவுடன், சப்டைட்டிலைப் படிக்க முடியுமா என்ற தயக்கம் வந்துவிடுகிறது. தயக்கம் நியாயமானதே. ஒரு சப்டைட்டில் பெரும்பாலும் இரண்டு வரிகளுக்கு மிகாமல், சில நொடிகள் மட்டுமே திரையில் நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் முதல் வரியை முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் படித்துச் சொல்வதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை படத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் பேச்சுக் குறைந்த, சிறிய படமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1956இல் வெளிவந்த 'தி ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுப் படம் ஏறத்தாழ 34 நிமிடங்களே ஓடும். பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவனையும், அவனை விட்டு அகலாமல் பின்தொடரும் சிவப்பு பலூனையும் காட்டும் அப்படத்தில் வசனம் மிகவும் குறைவு. பலூனுக்கு நேரும் துன்பம் சின்னப் பிள்ளைகளை அழவைக்கக்கூடும் என்பதால், கையைப் பிடித்துக்கொள்ளும் தொலைவில் அமர்ந்திருங்கள். அந்தச் சிறுவன் இயக்குநர் அல்பேர் லமொரீஸின் சொந்த மகன் என்பதைப் படம் முடிந்தபின் சொல்லலாம்.

அடுத்து முழுநீளப் படத்துக்கு வரலாம். மஜித் மஜிதி இயக்கிய 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' என்ற 1997ஆம் ஆண்டின் ஈரானியப் படத்தையே நான் முதலில் சொல்வேன். தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டில் பணமில்லாததால் அதைப் பெற்றோரிடம் சொல்லாமல், தன் ஒரே ஜோடியைத் தங்கையோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறான். இந்தக் கவலையை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் படமானாலும் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் வசனம் தெரிந்தாக வேண்டும், எங்கே முகமே போதும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

எல்லா வரிகளையும் படிக்க வேண்டாம். சப்டைட்டில் எழுதுபவர்களே பேச்சைச் சுருக்கித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் இன்னும் சுருக்கி, யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். தங்கையின் காலிலிருந்து கழன்ற காலணி சாக்கடை நீரில் அடித்துச் செல்லப்பட, அவள் அதன் பின்னால் ஓடும் காட்சியில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. அங்கே "பார், பார்" என்பதுகூட இடையூறுதான்.

டப்பிங் செய்த படம் தவறில்லை. படிக்கவே தெரியாத வயதில் அதுதான் எளிது. எனினும் மூலக் குரல் கேட்டால்தான் அந்த மொழி காதில் ஏறும். அந்த ஈரானியப் படத்தின் மொழியான பாரசீகத்தில் அப்பாவை 'பாபா' என்று அழைப்பதை, நீங்கள் சொல்லித்தராமலே பிள்ளை கண்டுகொள்ளும்.

ஓரளவு வேகமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம், படத்தில் வரும் சிறுவர் சிறுமியரின் வசனங்களை ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்களின் வசனங்களை நீங்கள் படியுங்கள். இதற்கு மிகவும் பொருத்தமான காட்சி ஒன்று உண்டு: பெற்றோர் அதே அறையில் பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்குத் தெரியாமல் அண்ணனும் தங்கையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டியே காலணியைப் பற்றி வாதிடுகிறார்கள். அண்ணன் எழுதுவதை நீங்களும் தங்கை எழுதுவதைப் பிள்ளையும் ரகசியக் குரலில் படிக்கும்போது, இருவரும் அந்த அறைக்குள்ளேயே இருப்பீர்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதைக் கவனித்து ஏன் என்று கேட்டால், அந்த மொழியை அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிடுங்கள். நீண்ட விளக்கங்கள் பிறகு ஆகட்டும்.

சில நாள் கழித்து அதே காட்சியைச் சப்டைட்டில் இல்லாமல் மறுபடியும் போட்டு, இம்முறை யார் என்ன எழுதினார்கள் என்று பிள்ளையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.