பாரிஸுக்கு ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகனுக்குத் தை மாதம் கல்யாணம் ஆயிற்று. வைகாசியில் இருவரும் பாரிஸ் போகிறார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "சித்தி, அஞ்சு நாளையும் மணிவாரியாப் போட்டுட்டேன். ஒருதடவை பாத்துச் சொல்லுங்க" என்றான். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக் கட்டத்தில் 'லூவர் அருங்காட்சியகம்' என்று எழுதிப் பச்சை வண்ணம் அடித்திருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022 அக்டோபரில் நானும் என் கணவரும் கையில் பிடித்துக்கொண்டு அலைந்த தாளை யாரோ படியெடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு 2025-ல் மறுபடி போய்வந்தோம். நடுவில் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று ஏழெட்டு ஜோடிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சறுக்குவது அதே நாலைந்து இடங்களில்தான். பாஸ்போர்ட் நகல் எடுங்கள், நல்ல ஷூ போடுங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

## மியூசியம் பாஸ் இருந்தால் எங்கேயும் நுழையலாம் என்று நம்புவது

பாரிஸில் மியூசியம் பாஸ் என்று ஒன்று விற்கிறார்கள். 48, 96, 144 மணி நேரம் என்று மூன்று வகை. லூவர், ஒர்சே, ஒராஞ்செரி அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை, சேன்ட் சப்பல் தேவாலயம், ஆர்க் த திரியோம்ஃப் வளைவு என ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்கள் அதில் அடக்கம். ஈபிள் கோபுரம் அதில் கிடையாது. நாங்கள் 96 மணிநேர பாஸ் இரண்டு வாங்கினோம். விற்ற ஏஜென்ட், "காட்டினாப் போதும், உள்ள விட்டுருவாங்க" என்றார். அதை ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் நம்பியது என் தப்பு. திட்டம் போட்டது நான்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். பாரிஸில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒராஞ்செரியில் இருக்கும் பிரெஞ்சு ஓவியர் மொனேயின் அல்லிக்குள ஓவியங்கள். மொனே அவற்றைப் பிரெஞ்சு நாட்டுக்குத் தருவதாகச் சொன்னது 1918-ல், முதல் உலகப் போர் நின்ற மறுநாள். அவர் 1926 டிசம்பரில் இறந்துபோனார். 1927 மே மாதம்தான் அந்தக் கூடங்கள் திறந்தன. இரண்டு முட்டை வடிவக் கூடங்கள், எட்டு ஓவியங்கள். நீளத்தைக் கூட்டினால் 90 மீட்டரைத் தாண்டும். மேலே கூரையிலிருந்து பகல் வெளிச்சம் இறங்கும். இதையெல்லாம் அவர் ஊரிலிருந்தே மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்க் த திரியோம்ஃப் ஏறினோம். பாஸின் கடிகாரம் அந்த நொடியிலேயே ஓடத் தொடங்கிவிடும். மத்தியானம் லூவர். கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, பாஸ் இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் அன்றைக்கான நேரங்கள் முடிந்துவிட்டன என்றும் சொன்னார்கள். சரி, போகட்டும் என்று திங்கட்கிழமை வெர்சாய்க்கு ரயில் ஏறினோம். திங்கள் அரண்மனைக்கு விடுமுறை. தோட்டத்தில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத் திரும்பினோம். ஒராஞ்செரியை நான் செவ்வாய்க்கு வைத்திருந்தேன், கடைசி நாளில் நிதானமாகப் பார்க்கட்டும் என்று. செவ்வாய்க்கிழமை ஒராஞ்செரிக்கு விடுமுறை. லூவருக்கும் அன்றுதான் விடுமுறை. புதன் காலை எங்களுக்கு ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில்.

பூட்டிய கதவின் முன்னால் அவர் கோபப்படவில்லை. "விடு கண்ணு, ஒர்சே திறந்திருக்குதே, அங்க போலாம்" என்றார். போனோம். 1900 கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையத்தை 1986-ல் அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள், அருமையான இடம்தான். ஆனால் அந்தக் கதவையும் அவர் அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுத் திரும்பிய விதத்தையும் நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆளுக்கு 96 மணிநேர பாஸ். அதில் உருப்படியாக நுழைந்தது இரண்டே இடம்.

ஆகவே, திட்டத்தை நுழைவுச்சீட்டிலிருந்து தொடங்காதீர்கள், கிழமையிலிருந்து தொடங்குங்கள். லூவர், ஒராஞ்செரி இரண்டும் செவ்வாய் விடுமுறை. ஒர்சே, வெர்சாய், ரோதான் அருங்காட்சியகம் மூன்றும் திங்கள் விடுமுறை. ஞாயிறு முதல் புதன் வரை தங்குகிறவர்களுக்கு இது பெரிய இடி. வியாழன் முதல் ஞாயிறு வரை தங்குகிறவர்களை ஒன்றும் செய்யாது. விமானச் சீட்டுத் தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இதை யோசியுங்கள். லூவர் புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஒர்சே வியாழன் இரவு 9.45 வரை. இந்த இரவு நேரங்களில் கூட்டம் குறையும், பகலும் உங்கள் கையில் மிஞ்சும்.

அடுத்தது நேரப் பதிவு. லூவர், ஒராஞ்செரி, வெர்சாய், சேன்ட் சப்பல் நான்குக்கும் பாஸ் வைத்திருந்தாலும் நேரம் குறிக்க வேண்டும். அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். கூடுதல் பணம் கிடையாது. நேரங்கள் எல்லாம் கிடைத்துவிட்டதா என்று பார்த்த பிறகே பாஸை வாங்குங்கள். என் அக்கா மகன் பாஸை முதலில் வாங்கிவிட்டான். நேரத்தைத் தேடி இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாவது, கணக்கு. பழைய பயணக் குறிப்புகளில் லூவருக்கு 22 யூரோ என்று இருக்கும். 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. நம்மைப் போன்றவர்களுக்கு இதனால் பாஸ் முன்பைவிட லாபமாகத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று நிதானமாகப் பார்க்கிற ஜோடிக்குத் தனித்தனிச் சீட்டே போதும். பாஸை ஈடுகட்டுவதற்காக ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம் ஓடினால் இரண்டாவதிலேயே ஒருவருக்கொருவர் பேச்சு நின்றுவிடும்.

2025-ல் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒராஞ்செரியில் எங்களுக்கு நேரம். இரண்டாவது கூடத்து இருக்கையில் அவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் எழுப்பவில்லை.

## இருவருக்கும் ஒரே மெட்ரோ கார்டு

ஜோடிகள் அதிகம் மாட்டுவது இதில்தான். பழைய காகிதப் பயணச்சீட்டுக் கட்டு இப்போது கிடையாது. நவிகோ ஈசி என்ற கார்டை 2 யூரோவுக்கு வாங்கி அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். பத்துப் பயணத்தை ஒரே கார்டில் ஏற்றி, கணவர் ஒருமுறை, மனைவி ஒருமுறை தட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. ஒரே நேரத்தில் பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிக் கார்டு வேண்டும். ஒருவர் கதவைத் தாண்டிவிட்டு மற்றவரைத் தன் முதுகோடு ஒட்டி இழுத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே நடைபாதைத் திருப்பத்தில் பரிசோதகர்கள் கூட்டமாக நிற்பார்கள். அபராதத்தை அங்கேயே வாங்குவார்கள், சுற்றுலாப் பயணி என்று சொன்னாலும் விட மாட்டார்கள். வெளியே வரும்வரை கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

2025 ஜனவரியில் கட்டண முறையே மாறிவிட்டது. மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 2.50 யூரோவில் தொடங்கினார்கள், பிறகு சிறிது கூடியது. வெர்சாய்க்கும் அதே சீட்டுத்தான். முன்பு வெர்சாய்க்குத் தனிச் சீட்டு வேண்டும். அந்தப் பழைய எச்சரிக்கையைப் படித்துவிட்டு இன்றும் குழம்புகிறார்கள். விமான நிலையத்துக்கு மட்டும் தனி விலை. பேருந்துச் சீட்டு வேறு, மெட்ரோச் சீட்டு வேறு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற முடியாது.

வாரச் சீட்டு வாங்குவதானால் அது திங்கள் முதல் ஞாயிறு வரை என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கிடையாது.

## சப்பலும் சப்பலும்

ஒரு ஜோடி சேன்ட் சப்பலுக்குப் போவதாக நினைத்து லா சப்பல் நிலையத்தில் இறங்கிவிட்டது. நேரம் குறித்த சீட்டு வீணாயிற்று. சேன்ட் சப்பல் தேவாலயம் நகரின் நடுவில், சேன் நதித் தீவில் இருக்கிறது. ஒன்பதாம் லூயி மன்னன் கட்டி 1248-ல் அர்ப்பணிக்கப்பட்டது. பதினைந்து நெடிய கண்ணாடிச் சாளரங்கள். வெயில் உள்ள நாளில் போக வேண்டும். இறங்க வேண்டிய நிலையம் சித்தே, 4-ம் எண் மெட்ரோ. நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

லா சப்பல் வடக்கே, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 2-ம் எண் மெட்ரோவில். அங்கிருக்கும் ஈழத்தமிழர்கள் 'லாச்சப்பல்' என்பார்கள். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், கொத்து ரொட்டி, கருவேப்பிலை, புடவைக்கடை எல்லாம் உண்டு. அதையும் பாருங்கள், ஆனால் தனியாக ஒரு மாலை வைத்துக்கொண்டு.

## மூன்று மணிக்குச் சாப்பிடப் போவது

பல உணவகங்களில் மத்தியானச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். மறுபடி அடுப்பு மூட்டுவது ஏழு மணி வாக்கில். நடுவில் பசியோடு திரிகிறவர்கள் சுற்றுலாத் தலத்துக்கு எதிரே இருக்கும் விலை கூடிய கடையில் போய் விழுகிறார்கள். பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். சைவக்காரர்களுக்கு மாரே பகுதியின் ரோசியே தெருவில் ஃபலாஃபல் கிடைக்கும், வயிறு நிறையும். தண்ணீர் என்று மட்டும் கேட்டால் விலைக்கு பாட்டில் வரும்; 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாக வைப்பார்கள். ரொட்டிக்குக் காசில்லை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் விலை கேட்காதீர்கள். பெரியவர்கள் வீட்டுக்குள் போய் வணக்கம் சொல்லாமல் நாற்காலியில் உட்காருவது நமக்கு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

## ஜூன் மாதத்தில் ஈபிள் விளக்குக்கு எட்டு மணிக்குக் காத்திருப்பது

ஜூனில் அங்கே சூரியன் மறையவே பத்து மணி ஆகும். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மின்னும். ஆகவே அன்று காலைத் திட்டத்தைக் குறைத்து, மத்தியானம் தூங்கி எழுந்து போங்கள். மேலே ஏறுவதற்கு லிப்ட் சீட்டு 60 நாள் முன்னதாக இணையத்தில் திறக்கும்; சீக்கிரம் தீரும். கிடைக்காவிட்டால் படிக்கட்டு இருக்கிறது, இரண்டாம் தளம் வரை 674 படி.

## ஆர்க் த திரியோம்ஃப் வளைவுக்குச் சாலையைக் கடப்பது

பன்னிரண்டு சாலைகள் சேரும் வட்டம். சுரங்கப்பாதை இருக்கிறது.

## கையில் நூல் கட்ட விடுவது

கையில் நூலைக் கட்டிவிட்டுக் காசு கேட்கிறவர்கள் சாக்ரே கர் தேவாலயப் படிக்கட்டில் நிற்பார்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடங்கள்.

## பாலத்தில் பூட்டு மாட்டுவது

காதலுக்கு அடையாளமாகப் பாலத்தில் பூட்டு மாட்டுவார்கள். வேண்டாம். போன் தே ஆர் பாலத்தின் கைப்பிடித் தடுப்பு 2014-ல் பூட்டுகளின் பாரத்தால் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 2015-ல் ஏறத்தாழ 45 டன் பூட்டை அறுத்து எடுத்தார்கள்.

## ஒரு நிமிடம்கூடப் பிரியாமல் சுற்றுவது

புதிதாகக் கல்யாணமானவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறுகிறது. என் அக்கா மகனுக்கும் மாறியது. ஆனாலும் சொல்கிறேன். ஒருவருக்கு ஓவியம் பார்க்கப் பிடிக்கும், மற்றவருக்குத் தெருவில் நடக்கப் பிடிக்கும். ஐந்து நாளும் இருவரும் ஒருவருக்காக ஒருவர் பொறுத்துக்கொண்டே போனால், நான்காம் நாள் மெட்ரோப் படிக்கட்டில் சின்ன விஷயத்துக்குச் சண்டை வரும். எங்களுக்கு வந்தது.

2025-ல் ஒரு மத்தியானத்தைப் பிரித்துக்கொண்டோம். அவர் ரோதான் தோட்டத்துக்குப் படம் வரையப் போனார். நான் சேன் கரையோரப் பழைய புத்தகப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஐந்து மணிக்குப் போன் நெஃப் பாலத்தில், குதிரைமேல் இருக்கும் நான்காம் ஹென்றி சிலையடியில் சந்திப்பதாகப் பேச்சு. பெயருக்கு 'புதிய பாலம்', கட்டி முடித்தது 1607-ல். நகரில் இன்று நிற்கும் பாலங்களில் அதுவே பழையது. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், போன் சார்ஜ் தீர்ந்தாலும் தொலைந்துபோக வழியில்லை. நான் ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போனேன். அவர் அதற்கும் முன்னால் வந்து, நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் காட்டுவதற்காகக் காத்திருந்தார்.