தமிழ்நாட்டுக்குப் போகுமுன் டர்பனிலேயே செய்ய வேண்டியது: சிக்னல், வாட்ஸ்அப், சிம்

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதி வீட்டாரோடு பேச சிக்னல் செயலி போதும். காசு இல்லை, விளம்பரம் இல்லை, செய்தி, அழைப்பு எல்லாமே முழு மறையாக்கத்தில் போகும், அதாவது பேசுகிற இருபக்கத்தாரைத் தவிர வேறு யாரும் படிக்கவோ கேட்கவோ முடியாது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார்கள், அதையும் விட முடியாது. அந்தரங்கப் பேச்சுக்கு டெலிகிராம் வேண்டாம். 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் திறந்தால்தான் அதில் முழு மறையாக்கம். குழுக்களுக்கு அதுவும் கிடையாது. த்ரீமா, எலிமெண்ட், பிரையர் மூன்றும் 2023 மே மாதம் இந்தியா தடை செய்த 14 செயலிகளில் சேர்ந்தவை. அவற்றை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பெரிய தலைவலி எண்தான். சென்னையில் புது சிம் போட்டதும் 'எண்ணை மாற்றவா?' என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்; தென்னாப்பிரிக்க எண்ணிலேயே ஓடும். ஆனால் செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டால் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் வரும். அதனால் புறப்படுமுன்பே ரோமிங்கைத் திறந்து வையுங்கள். டேட்டா ரோமிங்கை அணைத்துவிடலாம், குறுஞ்செய்தி வந்தால் போதும். பழைய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போடாமல் போனிலேயே இரண்டாவது சிம்மாக விடுங்கள். பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது பூட்டு. வாட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு-படிச் சரிபார்ப்பு என்று போய் 6 இலக்க பின் வையுங்கள். சிக்னலில் கணக்குப் பகுதியில் அதே மாதிரி பின் கேட்கும் 'பதிவுப் பூட்டு' இருக்கும், அதையும் இயக்குங்கள். "அண்ணா, என் கோட் தவறிப்போய் உங்களுக்கு வந்துடுச்சு, அனுப்புங்க" என்று மோசடிக்காரர்கள் தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்பார்கள். அனுப்பினால் கணக்கு போயிற்று. அந்த 'பின்' எண் இருந்தால் கோட் மட்டும் கிடைத்து அவர்களுக்குப் பயனில்லை. வாட்ஸ்அப் காப்புப்பிரதிக்கும் (பேக்கப்) மறையாக்கத்தை நீங்களேதான் இயக்க வேண்டும், தானாக வராது.

துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே வாட்ஸ்அப், சிக்னல் அழைப்புகள் போகாது, எழுத்துச் செய்தி போகும். வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பதறுவார்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், வந்து நேரில் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சிறிது காலத்தில் தானாக அழியும் 'மறையும் செய்தி'யாக அனுப்பினாலும் படம் அவர்கள் கேலரியில் தங்கிவிடலாம்.